முழங்காலோடு பேசலாம்

“முப்பத்துநாலு வருஷமா உங்க முதுகோட பேசியாச்சு. இனிமே முழங்காலோட பேசணுமாக்கும்?”

பட்டறையில் பாதி வேலையில் நின்ற சைடுகாரைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது இதுதான். கேள்வி நியாயமானது. புல்லட்டின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தால் அவள் வாய் என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும். சைடுகாருக்குள் உட்கார்ந்தால் தலை என் இடுப்புக்குக் கீழே போய்விடும். புல்லட் போடுகிற சத்தத்தில் அங்கிருந்து அவள் சொல்வது எதுவும் எனக்குக் கேட்காது. அதற்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எங்கள் மருமகள் கிளப்பிவிட்ட வதந்தியை இங்கே மறுக்கிறேன்.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் 31 ஆண்டுகள் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருச்சி உறையூரில் ஒரு சந்து. என்னிடம் 1994இல் வாங்கிய புல்லட் இருக்கிறது. 2019இல் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மனைவி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே தகடும் திருகாணியும் வைத்தார்கள். நடக்கலாம், மெதுவாகப் படியேறலாம், ஆனால் பைக் பின்சீட்டை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருக்களித்து உட்காருவதென்றால் இடுப்பைத் திருகி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பள்ளத்துக்குப் பள்ளம் உடம்பை இறுக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் கணக்கில்லாத காலமாக அதைச் செய்துவருவதால் அது ஒரு வித்தை என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. ஆட்டோ நுழையும், ஆனால் திரும்ப இடமில்லை, ரிவர்ஸிலேயே வெளியேற வேண்டும் என்பதால் முனையிலேயே நிறுத்திவிடுவார்கள். முனைக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே 140 அடி நடை. மழை பெய்தால் அந்த நடை அவளுக்கு ஒரு பரீட்சை. ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தின் குறுகலான இடத்தை அளந்தேன், 6 அடி 2 அங்குலம். புல்லட்டோடு சைடுகாரைச் சேர்த்தால் 5 அடி 1 அங்குலத்தில் முடித்துவிடலாம். வாசலுக்குள் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம்.

அளந்துவிட்டு வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒரு செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தில் இன்றும் பேர் சொல்லும் வாட்ஸோனியன் சைடுகார் கம்பெனி 1912இல் தொடங்கியதே ஒரு குறுகலான வழியால்தானாம். வாட்ஸன் என்பவருக்கு வீட்டுக்குள் போகும் வழி சைடுகார் நுழைகிற அகலத்தில் இல்லை. மடக்கி உள்ளே கொண்டுபோகும்படி ஒன்றைச் செய்தார், அதுவே வியாபாரமாகிவிட்டது. என் சந்துக்கும் பர்மிங்ஹாமுக்கும் ஒரு உறவு உண்டு என்று வீட்டில் சொன்னேன். “அந்த ஆளு பொண்டாட்டி என்ன சொன்னாளாம்?” என்று பதில் வந்தது.

சைடுகாரைக் கேலிப்பொருளாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று ஜாகுவார் என்று சொன்னாலே பணக்காரத்தனம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கம்பெனியின் வேர், 1922இல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வால்ம்ஸ்லியும் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்வாலோ சைடுகார்’ பட்டறை. இங்கிலாந்தில் கார் வாங்க முடியாத தொழிலாளிக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்க்கப் போனது இதில்தான். 1959இல் மினி கார் மலிவாக வந்ததும் சைடுகாரின் காலம் அங்கே சாயத் தொடங்கியது. நம் நாட்டில் லாம்பிரெட்டாவிலும் வெஸ்பாவிலும் அதை மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் லாம்பிரெட்டாவில் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவார். பெட்டிக்குள் மூன்று தலைகள் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர்தான் தெருவின் ராஜா.

ஆனால் இந்தியாவில் சைடுகார் என்றால் எல்லோர் மனதிலும் வருவது 1975இல் வந்த ‘ஷோலே’ தான். இரண்டு நண்பர்கள் பாடிக்கொண்டே போகிற அந்தப் பாட்டில் சைடுகார் கழன்று தனியாக ஓடி, மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஜனங்கள் கைதட்டினார்கள். வெல்டிங் கற்ற பிறகு அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் கலக்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளோடு சைடுகார் சேர்ப்பதை சீட் கவர் போடுவது போல, கிராஷ் கார்டு மாட்டுவது போல ஒரு உதிரி வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டறைகளும் அப்படித்தான் நினைக்கின்றன. சட்டம் எழுதியவர்களும் அப்படியே நினைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு. மூன்றாவது சக்கரம் ஒட்டிய அந்த நிமிடமே நம் கையில் இருப்பது வேறொரு வண்டி. பைக் ஓட்டத் தெரிந்தவனுக்கு அது ஓட்டத் தெரியாத வண்டி.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். பழைய புல்லட்டின் சட்டத்தில் முன்னால் ஒரே ஒரு குழாய் கீழே இறங்கும். அது என்ஜினோடு முடிந்துவிடும். என்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரி குழாய் கிடையாது, என்ஜினே அந்தச் சட்டத்தில் ஒரு எலும்பு. ஆகவே கீழ்ப்பக்கம் சைடுகாரைப் பிடிக்கச் சரியான இடமில்லை. என்ஜின் தகடுகளின் போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு துணைச்சட்டம் செய்தேன். மொத்தம் நான்கு இடத்தில் பிடிப்பு: கீழே இரண்டு, முன்குழாயில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று. அத்தனையும் கிளாம்பும் போல்ட்டும்தான். பைக்கின் சட்டக்குழாயில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவனே சொல்கிறேன், அங்கே வெல்டிங் வைக்கக்கூடாது. மெல்லிய குழாயில் பற்றவைத்தால் பற்றின இடம் உறுதியாக நிற்கும், அதற்கு அரை அங்குலம் தள்ளி, சூடு பட்டு மாறிப்போன இரும்பில் கீறல் விடும். இன்றைக்கு விடாது. ஆறு மாதம் ஆடி ஆடி, ஒருநாள் பாலத்தின் மேல் விடும்.

அப்புறம் அளவு. சைடுகார் சக்கரத்தின் அச்சு, பைக்கின் பின்சக்கர அச்சுக்கு நேராக இருக்கக்கூடாது. எட்டு ஒன்பது அங்குலம் முன்னால் தள்ளி இருக்க வேண்டும். அந்தச் சக்கரம் நேராகவும் பார்க்கக்கூடாது, பைக்கின் பக்கம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முகம் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எப்போதும் இடது பக்கம் இழுக்கும், டயரும் தேயும். பைக் தானும் நெட்டுக்குத்தாக நிற்கக்கூடாது, சைடுகாரை விட்டு விலகி ஒன்றிரண்டு டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மனைவி ஏறி உட்கார்ந்தால்தான் அந்தச் சாய்வு சரியாகும். இதற்காக ஜன்னல் வேலைக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு அலுமினியம் சேனல்களைத் தரையில் போட்டு, முன்னும் பின்னும் அளந்து அளந்து மூன்று நாள் போனது. அவளை முப்பது முறையாவது ஏற்றி இறக்கியிருப்பேன். “எடைமெஷின்ல அரிசி மூட்டைய வைக்கிற மாதிரி” என்று அலுத்துக்கொண்டாள்.

சீட்டைத் தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் உயர்த்தினேன், தாழ்வான இருக்கையில் அவள் இடுப்பு மடங்கக் கூடாது என்று பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லியிருந்தார். கடையில் பார்க்கிற அழகான சைடுகார்களில் எல்லாம் தொட்டிக்குள் இறங்குவது போல இறங்க வேண்டும். இதில் கதவு வைத்தேன். பார்க்கப் பால் வண்டி மாதிரி இருந்தது. இரும்பு, சக்கரம், தகடு, ரெக்சின், லேத் கூலி எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய். எடை 80 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புல்லட்டே 160 கிலோவுக்கு மேல். இழுவை போதாது என்று முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். பழைய புல்லட்டில் கியரும் கிக்கரும் சைலன்சரும் வலப்பக்கம் என்பதால் அவை தப்பின. ஆனால் செயின் இடப்பக்கம், இனி எண்ணெய் விட வேண்டுமென்றால் தரையில் படுத்துத்தான்.

லால்குடிப் பக்கம் ஒரு நண்பரின் செங்கல் சூளை மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது வருஷமாக பைக் ஓட்டுகிறவன் முதல் ஐந்து நிமிடத்தில் வேலியில் போய் நின்றேன்.

பைக் திரும்புவது சாய்வதால். இது சாயாது. ஹேண்டிலைக் கையால் முறுக்கித் திருப்ப வேண்டும், டிராக்டர் மாதிரி. ஆக்சிலேட்டரைத் திருகினால் சைடுகார் பின்தங்கும், வண்டி இடது பக்கம் திரும்பும். பிரேக் பிடித்தால் சைடுகார் முன்னால் ஓடப் பார்க்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். இடப்பக்கம் போகிற நம் சாலையில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ். இதை ஓட்டிப் பார்த்த பிறகுதான், சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாமல் யாரும் சாலைக்கு வரக்கூடாது என்று முடிவுக்கு வந்தேன். புல்லட்டின் முன்சக்கரம் ஒன்றை டிரம்மோடு வாங்கிப் போட்டிருந்ததால் அதன் கேபிளைக் காலடிப் பிரேக்கோடு சேர்த்துவிட்டேன். நின்றதும் இடது காலை ஊன்றுகிற பழக்கம் இன்னொரு ஆபத்து. அங்கே இப்போது கம்பி ஓடுகிறது, கால் மாட்டினால் முறிந்துவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து இடது திருப்பம். காலியான சைடுகாரோடு கொஞ்சம் வேகமாக இடது பக்கம் திரும்பினால் மூன்றாவது சக்கரம் தரையை விட்டு எழும்பும். பயந்துபோய் ஹேண்டிலை நேராக்கினால் நேரே எதிர்த்தடத்துக்குள் போய்விடுவோம். உடம்பை இடது பக்கம் சாய்த்து, மெல்ல வேகத்தைக் குறைத்துச் சக்கரத்தை இறக்க வேண்டும். ஐல் ஆஃப் மேன் தீவின் பந்தயத்தில் 1923இலேயே சைடுகாருக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். அதில் பக்கத்தில் இருப்பவர் சும்மா உட்கார்ந்து வருகிறவர் கிடையாது, திருப்பத்துக்குத் திருப்பம் உடம்பை வெளியே தொங்கவிட்டுச் சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிற தொழிலாளி. என் மனைவியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே ஆள் இல்லாதபோது 30 கிலோ மணல் மூட்டை என்று வைத்துக்கொண்டேன். இன்று மூட்டைக்கு ஹெல்மெட் போட்டீர்களா என்று கேட்பது பேரனின் வழக்கம்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட அதே மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பூ அலங்காரம் செய்த சைடுகார் பைக்கில் வந்தார்கள். இப்போது அது ஒரு மோஸ்தர், போட்டோவுக்காக வாடகைக்கு விடுகிறார்கள். மாப்பிள்ளை ஓட்டுகிறார், அன்றுதான் முதன்முறை என்பது பார்த்ததும் தெரிந்தது. மண்டப வாசலுக்குள் இடது பக்கம் திரும்பியபோது பெண் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சாண் எழும்பியது. கூட்டம் விசிலடித்தது, டிரோன் மேலே சுற்றியது. பெண்ணின் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பந்திக்குப் போகிற வழியில் குனிந்து அடியில் பார்த்தேன். இரண்டு எல்-ஆங்கிள், நான்கு பொட்டு வெல்டிங், பிரேக் கிடையாது. என் மாணவன் எவனாவது இப்படி ஜாப் கொண்டுவந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிடாமல் அனுப்பியிருப்பேன்.

சாலையில் இறக்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அதிகாரி மரியாதையானவர். போட்டோக்களைப் பொறுமையாகப் பார்த்தார், வெல்டிங்கைப் பாராட்டினார். பிறகு புத்தகத்தை எடுத்தார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 2(27): மோட்டார் சைக்கிள் என்றால் இருசக்கர மோட்டார் வாகனம், கூடுதல் சக்கரம் உள்ள கழற்றக்கூடிய சைடுகார் அதில் மாட்டியிருந்தால் அதுவும் உட்பட. அவரும் நானும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம். சட்டத்தின் கண்ணில் நான் செய்தது மோட்டார் சைக்கிளேதான்!

சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பக்கம் புரட்டிப் பிரிவு 52க்கு வந்தார். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், வண்டியைத் தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் எதையும் மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. “உங்க சைடுகாரைத் தனியாப் பார்த்தா தப்பில்ல சார். உங்க புல்லட்டைத் தனியாப் பார்த்தாலும் தப்பில்ல. சேர்த்தா நான் எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னு தெரியல” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. அந்தக் கட்டம் படிவத்தில் அச்சாகவே இல்லை.

மாற்றுத்திறனாளிக்கான வண்டி என்றால் சட்டம் இளகுகிறது. நம் மாநில அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் தருகிறது. எங்கள் வார்டிலேயே இரண்டு பேர் அதை ஓட்டி வேலைக்குப் போகிறார்கள். ஆக, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த வண்டியைச் சோதித்து, பதிந்து, சாலையில் விட நம்மால் முடிகிறது. என் மனைவிக்கு மாற்றுத்திறனாளிச் சான்று கிடையாது, டாக்டர்கள் கணக்கில் அவள் குணமடைந்தவள். 63 வயதில் பின்சீட்டு ஏற முடியாத மனைவி, 80 வயது அம்மா, கால் ஊன்றாத பிள்ளை என்று எந்தப் படிவத்திலும் அடங்காத ஆட்கள் எத்தனை வீட்டில்!

ஆட்டோ இருக்கிறதே, கார் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ரத்தன் டாடா மழையில் ஸ்கூட்டரில் நனைந்து போன ஒரு குடும்பத்தைப் பார்த்து நேனோ செய்ய நினைத்த கதை எல்லோருக்கும் தெரியும். இருசக்கர வாகனத்தையே பாதுகாப்பாக்க முடியுமா என்றுதான் முதலில் யோசித்தாராம், பிறகு அது காராக மாறியது. 2009இல் லட்ச ரூபாய் கார் என்று சாலைக்கு வந்து, பத்து வருஷம் தாங்காமல் நின்றும் போனது. அந்தக் குடும்பம் இன்னும் ஸ்கூட்டரில்தான் போகிறது, இப்போது போனையும் பிடித்துக்கொண்டு. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். சைடுகார் இருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லுமளவுக்கு நான் முட்டாள் கிடையாது. லாரி இடித்தால் தகரப்பெட்டி என்ன செய்யும்? அதோடு, பள்ளத்தை பைக்காரன் ஒதுக்கி ஓட்டலாம், சைடுகார்க்காரன் ஒரு பள்ளத்தைத் தவிர்த்தால் இன்னொன்றில் மூன்றாவது சக்கரத்தை விடுவான். நெரிசலில் புகுந்து போகவும் முடியாது. இதெல்லாம் குறைதான். ஆனால் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு தாய் என்று தில்லைநகர் சிக்னலில் தினமும் நிற்கிறார்களே, அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிற ஊர் சைடுகாரைப் பார்த்ததும் சட்டம் பேசுவது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் மீன்பாடி வண்டியைப் பார்த்தாலே போதும். மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் என்ஜினைக் கட்டிய அந்த வண்டிக்குப் பதிவும் கிடையாது, பிரேக்கும் பேருக்குத்தான். தேவை இருக்கிற இடத்தில் வழி இல்லையென்றால் ஜனங்கள் கயிறு போட்டாவது கட்டிக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் சைடுகார் மாட்டிய மோட்டார் சைக்கிள்தான் ஊர் ஆட்டோ, உள்ளாட்சிகள் அனுமதி கொடுத்து ஓடவிடுகின்றன. சுமத்ராவின் பெமாதாங் சியாந்தார் நகரில் உலகப்போர் காலத்து பிஎஸ்ஏ பைக்குகளில் சைடுகார் மாட்டி இன்றும் ஆள் ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் சைடுகார் மாட்டிய மோட்டார் சைக்கிளுக்கு ‘எல்4இ’ என்று தனி வகுப்பே இருக்கிறது. பிரிட்டனில் 1981 ஆகஸ்டு முதல் பதிவான வண்டி என்றால் சைடுகார் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மாலும் முடியும், அதற்கான வழி ஏற்கெனவே பழகியதுதான். காரில் சிஎன்ஜி மாட்டுகிறோம். கிட்டைச் சோதித்து அங்கீகாரம் தருகிறார்கள், அங்கீகாரம் பெற்ற பட்டறை மாட்டுகிறது, பதிவுச் சான்றில் ஏறுகிறது. சைடுகாருக்கும் அதையே செய்யலாம். ஒரு குறிப்பிட்ட பைக்குக்கு ஒரு குறிப்பிட்ட சைடுகார், பிடிப்போடும் பிரேக்கோடும் பெல்ட்டோடும் ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையத்தில் சோதித்து எண் கொடுக்கட்டும். எங்கள் ஊரிலேயே பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துவாக்குடியில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஓட்டுகிறவருக்குத் தனித் தேர்வு கட்டாயம் வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. காலிப் பெட்டியோடு எட்டுப் போடட்டும், இடது பக்கம் திரும்பிக் காட்டட்டும். அந்தக் கல்யாண மாப்பிள்ளை அன்றே தோற்றிருப்பார், நானும் முதல் வாரம் தோற்றிருப்பேன். அனுமதி வந்தால் கல்யாண வாடகைக்காரர்களுக்குத்தான் லாபம் என்று என் தம்பி சொல்கிறான். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அங்கீகாரம் பெற்ற வண்டி ஒன்று இருந்தால்தான் அங்கீகாரம் இல்லாததை நிறுத்தி, ஏன் என்று கேட்க முடியும்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை அதைச் சாலையில் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணி. குடமுருட்டிப் பாலம் தாண்டி, ஜீயபுரம் வழியாக முக்கொம்பு வரை. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. அவள் ஹெல்மெட் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, மடியில் காபி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். காவிரிக்கரை மரங்களுக்கு நடுவே ரோடு இருட்டாக இருந்தது. வழியில் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. என் முழங்காலை இரண்டு தட்டு தட்டினாள். வண்டியை நிறுத்தினேன். “இந்தப் பக்கம் உக்காந்தா எதிர்ல வர்றது எல்லாம் தெரியுது. இத்தனை வருஷம் உங்க சட்டைக் காலரைத்தான் பார்த்திருக்கேன்” என்றாள்.

திரும்பி வந்த அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன். போலீசுக்குப் பயம் பாதி. மறு பாதி, காப்பீடு இல்லாத வண்டியில் அவளுக்கு ஏதாவது ஆனால் என்ற பயம். இப்போது ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், முனை வரை என் கையைப் பிடித்து நடக்கிறாள். சைடுகார் வாசலில் செங்கல்மேல் நிற்கிறது. பதினெட்டு அங்குல உயரம் அவள் இடுப்புக்குத் தோதாக இருப்பதால் கதவைத் திறந்துவிட்டு அதில் உட்கார்ந்துதான் முருங்கைக்கீரை உருவுகிறாள். நான்கு போல்ட்டையும் கிரீஸ் தடவி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம்கூட எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தடவினேன்.